ஒரு சேலைக்கு 250 ரூபாய் லாபமா? - ரீசெல்லிங் தோழிகள் போடாமல் விடும் கணக்கு!

மதியச் சமையல் முடிந்து போனை எடுத்தால் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வரிசையாகச் சேலைகள். பக்கத்து வீட்டு அக்கா, பிள்ளையுடன் படிக்கும் பையனின் அம்மா, கல்லூரியில் கூடப் படித்தவர் எனத் தெரிந்தவர்களில் இரண்டு மூன்று பேராவது இன்று ரீசெல்லிங் செய்கிறார்கள்.

வேலை எளிமையானதுதான். சேலம் இளம்பிள்ளையிலோ குஜராத்தின் சூரத்திலோ இருக்கும் மொத்த வியாபாரி போட்டோக்களை குரூப்பில் போடுவார். ரீசெல்லர் தன் லாபத்தைச் சேர்த்து ஸ்டேட்டஸில் விலை போடுவார். ஆர்டர் வந்ததும் பணத்தை வாங்கிக்கொண்டு, வாடிக்கையாளரின் முகவரியை மொத்த வியாபாரிக்கு அனுப்புவார். பார்சல் அங்கிருந்தே நேராகப் போய்விடும். விற்றவர் அந்தச் சேலையைக் கையால் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார். வியாபார உலகில் இதற்கு டிராப்ஷிப்பிங் என்று பெயர்.

சரக்கு வாங்கி அடுக்க வேண்டாம், கடை வாடகை கொடுக்க வேண்டாம் என்பதால்தான் இத்தனை பெண்கள் துணிந்து இதில் இறங்குகிறார்கள். அதே காரணத்தால்தான் பலரும் கணக்கு எழுதாமலும் விட்டுவிடுகிறார்கள். "சரக்கே வாங்கல, இதுல என்ன செலவுக் கணக்கு?" என்ற எண்ணம்.

செலவு இருக்கிறது. அது ஒரே பில்லில் வராமல், கொஞ்சம் கொஞ்சமாக வெவ்வேறு நாளில், வெவ்வேறு பெயரில் போகிறது. அதனால் கண்ணில் படுவதில்லை. ஒரு மாதக் கணக்கை எடுத்து வைத்துப் பார்த்தால் புரிந்துவிடும்.

மனக்கணக்கு சொல்வது 10,000 ரூபாய்

சேலம் பக்கம் ஒரு குடும்பத்தலைவி இந்தத் தொழிலைச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இது உதாரணக் கணக்குதான். ஆனால் இதில் வரும் ஒவ்வொரு வரியும் ரீசெல்லிங் செய்பவர்களுக்குப் பழக்கமானதாக இருக்கும்.

தீபாவளிக்கு முந்தைய மாதம். மொத்த வியாபாரி சொன்ன விலை 600 ரூபாய். இவர் ஸ்டேட்டஸில் போட்ட விலை 850 ரூபாய், தமிழ்நாடு முழுவதும் ஃப்ரீ ஷிப்பிங். அந்த மாதம் 40 ஆர்டர்கள் வந்தன.

அவர் மனதில் ஓடும் கணக்கு இது: 850-ல் 600 போனால் 250. அதை 40-ஆல் பெருக்கினால் 10,000 ரூபாய். வீட்டிலும் அப்படித்தான் சொல்வார். "இந்த மாசம் பத்தாயிரம் வந்துச்சு."

இனி, அந்தப் பத்தாயிரம் எங்கெங்கே கரைகிறது என்று பார்ப்போம்.

முதல் ஓட்டை: சேலையின் விலை 600 அல்ல

மொத்த வியாபாரி குரூப்பில் போடும் விலை, பெரும்பாலும் வரியும் கொரியரும் சேராத விலை. இந்தச் சேலைக்கு 5% ஜிஎஸ்டி என்று வைத்துக்கொண்டால் 30 ரூபாய். ஆக 630. வாடிக்கையாளர் வீட்டுக்கு அனுப்பும் கொரியர் கட்டணம் 70 ரூபாய். இவர் 'ஃப்ரீ' என்று சொல்லிவிட்டதால் அதுவும் இவர் கையில் இருந்துதான் போகிறது.

அப்படியென்றால் ஒரு சேலை வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேர ஆகும் செலவு 700 ரூபாய். லாபம் 250 அல்ல, 150. நாற்பது சேலைக்கு 6,000 ரூபாய். முதல் வரியிலேயே 4,000 ரூபாய் குறைந்துவிட்டது.

டிராப்ஷிப்பிங் கணக்கின் அடிப்படை விதி இதுதான். பொருளின் அடக்க விலை என்பது மொத்த வியாபாரி சொல்லும் விலை அல்ல. அந்தப் பொருள் வாடிக்கையாளரின் வாசலுக்குப் போய்ச் சேரும்வரை அதற்காகச் செலவான எல்லாம் சேர்ந்ததுதான் அடக்க விலை. சிலர் கொரியரை மாதக் கடைசியில் 'மற்ற செலவுகள்' என்று மொத்தமாக எழுதுவார்கள். அப்படி எழுதினால் எந்தச் சேலையில் லாபம் வந்தது, எதில் வரவில்லை என்று தெரியாது. கன்னியாகுமரிக்குப் போன பார்சலும் டெல்லிக்குப் போன பார்சலும் ஒரே லாபம் தந்ததுபோலத் தோன்றும். அதனால் கொரியரை அந்தந்த ஆர்டருக்கு நேராகவே எழுத வேண்டும்.

இரண்டாவது ஓட்டை: ரிட்டர்ன்

நாற்பதில் மூன்று சேலைகள் திரும்பி வந்தன. மூன்று பேருக்கும் 850 ரூபாயை அப்படியே திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. போட்டோவில் பார்த்த நிறம் வேறு, வந்த நிறம் வேறு என்பது இரண்டு பேரின் புகார். ஓப்பனிங் வீடியோ இருந்ததால் மொத்த வியாபாரி ஒப்புக்கொண்டார். சேலைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் 630 ரூபாயை இவர் கணக்கில் வரவு வைத்தார். ஆனால், போன கொரியர் கட்டணம் 70 ரூபாய் திரும்பி வராது. திரும்ப அனுப்பிய கொரியர் 80 ரூபாயும் இவர் தலையில்தான். ஒரு ரிட்டர்னுக்கு 150 ரூபாய் நஷ்டம். அதாவது, நல்லபடியாக விற்ற இன்னொரு சேலையின் லாபம் முழுவதையும் ஒரு ரிட்டர்ன் விழுங்கிவிடுகிறது.

மூன்றாவது சேலையில் சின்னக் கிழிசல். வாடிக்கையாளர் வீடியோ எடுக்கவில்லை. 'வீடியோ இல்லையென்றால் ரிட்டர்ன் இல்லை' என்று மொத்த வியாபாரி கைவிரித்துவிட்டார். வாடிக்கையாளரோ சொந்தக்காரப் பெண். உறவு கெடக் கூடாது என்று பணத்தைத் திருப்பிக் கொடுத்த இவர், சேலையைத் தன் வீட்டுக்கே அனுப்பச் சொல்லிவிட்டார். அது இப்போது பீரோவில் இருக்கிறது.

'சரக்கே வைத்துக்கொள்ளாத வியாபாரம்' என்று சொல்லப்படும் இந்தத் தொழிலில் சரக்கு சேருவது இப்படித்தான். அந்தச் சேலையைக் கணக்கில் எப்படி எழுதுவது? வாங்கிய விலை 630. ஆனால் கிழிசலைச் சொல்லி விற்றால் 450 ரூபாய்தான் கிடைக்கும் என்றால், கையிருப்புச் சரக்கின் மதிப்பு 450தான். வாங்கிய விலை, இன்று விற்றால் கிடைக்கும் விலை இரண்டில் எது குறைவோ அதைத்தான் எழுத வேண்டும். பெரிய நிறுவனங்களும் இதே விதியைத்தான் பின்பற்றுகின்றன. மீதி 180 ரூபாயை இந்த மாத நஷ்டமாகவே ஒப்புக்கொண்டுவிட வேண்டும். கொரியர் போக, வர ஆன 150-ஐயும் சேர்த்தால் இந்த ஒரு சேலையில் மட்டும் 330 ரூபாய் போயிற்று.

இப்போது கணக்கு இப்படி நிற்கிறது:

- வாடிக்கையாளரிடம் போய்த் தங்கிய 37 சேலைகள், தலா 150 ரூபாய்: 5,550 ரூபாய்
- மொத்த வியாபாரி ஏற்றுக்கொண்ட 2 ரிட்டர்ன் நஷ்டம்: 300 ரூபாய்
- வீட்டில் தங்கிய ஒரு சேலையின் நஷ்டம்: 330 ரூபாய்
- மீதி: 4,920 ரூபாய்

இவர் முன்பணம் வாங்கிக்கொண்டு அனுப்புபவர். சிஓடியில் அனுப்புபவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. வீட்டில் ஆள் இல்லை, மனசு மாறிவிட்டது, கையில் பணம் இல்லை என்று பார்சலை வாங்காமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள். விற்பனையே நடக்காமல் இரண்டு பக்கக் கொரியர் கட்டணமும் விழும். சிஓடி ஆர்டர்களைத் தனியாகக் குறித்து, நூற்றுக்கு எத்தனை திரும்புகிறது என்று பார்ப்பது அவசியம். அது தெரியாமல் சிஓடி விலையை முடிவு செய்யவே முடியாது.

மூன்றாவது ஓட்டை: சில்லறைச் செலவுகள்

அந்த மாதம் இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு 1,500 ரூபாய் ஆனது. ஜிபே, போன்பே போன்ற யுபிஐ வழியாக நேரடியாகப் பணம் வாங்கினால் கட்டணம் இல்லை. ஆனால் 10 பேர் கார்டில் கட்ட வேண்டும் என்று கேட்டதால் பேமென்ட் லிங்க் அனுப்பினார். அதற்கு 2% கட்டணம், அந்தக் கட்டணத்தின் மேல் 18% ஜிஎஸ்டி. 8,500 ரூபாய்க்கு ஏறக்குறைய 200 ரூபாய் பிடித்துக்கொண்டுதான் மீதி வந்தது.

போன் ரீசார்ஜில் பாதி தொழிலுக்குத்தான் செலவாகிறது. அது ஒரு 200 ரூபாய். ஃபாலோயர்களைக் கூட்ட கிவ்அவே வைத்து ஒருவருக்குச் சேலை பரிசாக அனுப்பியதில் 700 ரூபாய். பரிசு கொடுத்த சேலையைப் பலரும் எங்கேயுமே எழுதுவதில்லை. அது விற்பனை அல்ல. ஆகவே விற்ற பொருளின் அடக்க விலையிலும் சேராது. விளம்பரச் செலவில் எழுத வேண்டும்.

எல்லாம் சேர்த்து 2,600 ரூபாய். 4,920-ல் இதைக் கழித்தால் மீதி 2,320 ரூபாய்.

அவர் மனக்கணக்கில் பத்தாயிரம். உண்மையில் 2,320. விற்று நிலைத்த 37 சேலைக்கு வகுத்தால், ஒரு சேலைக்கு ஏறக்குறைய 63 ரூபாய். தினமும் மூன்று மணி நேரம் போட்டோ போடுவது, பதில் சொல்வது, ட்ராக்கிங் நம்பர் அனுப்புவது என்று 30 நாள் உழைத்திருந்தால் மொத்தம் 90 மணி நேரம். மணிக்கு 26 ரூபாய்கூட முழுதாகக் கிடைக்கவில்லை.

"அக்கவுன்ட்டில் பணம் இருக்கே!"

இந்த இடத்தில் எல்லோருக்கும் வரும் சந்தேகம் ஒன்று உண்டு. லாபம் 2,320தான் என்றால், வங்கிக் கணக்கில் 4,860 ரூபாய் எப்படி அதிகமாக இருக்கிறது?

உண்மைதான், இருக்கிறது. காரணம், மாதத்தின் கடைசி இரண்டு நாளில் ஐந்து பேர் புதிதாக ஆர்டர் கொடுத்து 4,250 ரூபாய் அனுப்பிவிட்டார்கள். அந்தச் சேலைகள் இன்னும் கிளம்பவில்லை. மொத்த வியாபாரிக்கு இன்னும் பணம் கட்டவில்லை.

அந்த 4,250 ரூபாய் இவர் அக்கவுன்ட்டில் இருந்தாலும் இவருடைய வருமானம் அல்ல. சேலை போய்ச் சேரும்வரை அது வாடிக்கையாளர்களுக்கு இவர் பட்டிருக்கும் கடன். மொத்த வியாபாரியிடம் சரக்கு இல்லை என்று தெரிந்தால் நாளைக்கே திருப்பித் தர வேண்டிய பணம். அதைக் கழித்தால் அக்கவுன்ட்டில் இவருடைய சொந்தப் பணம் வெறும் 610 ரூபாய். லாபத்தில் மீதி 1,710 ரூபாய் எங்கே? ரிட்டர்ன் சேலைகளுக்காக மொத்த வியாபாரி வரவு வைத்த 1,260 ரூபாய் அவரிடமே இருக்கிறது. 450 ரூபாய், பீரோவில் இருக்கும் சேலையாக இருக்கிறது.

610, 1,260, 450. கூட்டிப் பார்த்தால் 2,320. கணக்கு நேராகிவிட்டது.

இது தெரியாமல், அக்கவுன்ட்டில் இருக்கும் 4,860 ரூபாயையும் எடுத்துத் தீபாவளிப் பலகாரத்துக்கும் பட்டாசுக்கும் செலவு செய்தால் என்ன ஆகும்? மறுநாள் அந்த ஐந்து ஆர்டருக்காக மொத்த வியாபாரிக்கு 3,500 ரூபாய் கட்ட வேண்டும். கையில் இருக்காது. அடுத்து வரும் ஆர்டரின் பணத்தை எடுத்துப் பழைய ஆர்டருக்குக் கட்டுவார். பிறகு அதற்கு அடுத்ததை எடுத்து இதற்கு. ஆர்டர் வந்துகொண்டிருக்கும்வரை வண்டி ஓடும். ஆடி முடிந்து, தீபாவளி முடிந்து, விற்பனை படுக்கும் மாதத்தில் ஒரு ரீஃபண்ட் கேட்டால்கூடக் கொடுக்கப் பணம் இருக்காது.

'பணம் வாங்கிக்கொண்டு பதில் சொல்லவில்லை' என்று திட்டு வாங்கும் எல்லோரும் ஏமாற்ற நினைத்துத் தொழில் தொடங்கியவர்கள் அல்ல. வாடிக்கையாளரின் முன்பணத்தையும் தன் லாபத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் மாட்டிக்கொண்டவர்களும் அதில் உண்டு. கடைசியில் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது. 'முதலீடே இல்லாத தொழிலுக்கு எதற்கு அடகு வைத்தாய்?' என்று வீட்டில் கேட்டால் பதில் சொல்லத் தெரியாமல் நிற்க வேண்டியிருக்கும்.

வரவும் செலவும் ஜோடியாக வர வேண்டும்

பணம் வந்த தேதியில் வருமானம் எழுதி, பணம் கொடுத்த தேதியில் செலவு எழுதினால், ஒரு மாதம் கொழுத்த லாபமும் அடுத்த மாதம் நஷ்டமும் காட்டும். இரண்டுமே பொய்.

சரியான வழி, ஒரு சேலையின் விற்பனையையும் அதே சேலையின் அடக்க விலையையும் ஒரே மாதத்தில் எழுதுவது. மார்ச் 30-ல் பணம் வந்து, ஏப்ரல் 2-ல் சேலை கிளம்பினால், அந்த 850 ரூபாய் மார்ச்சில் வெறும் முன்பணம். ஏப்ரலில்தான் விற்பனை. அதற்கான 700 ரூபாயும் ஏப்ரலில்தான் செலவு. நிதியாண்டு மார்ச் 31-ல் முடிவதால் இந்த ஒரு வாரத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும்.

சில மொத்த வியாபாரிகள் முன்கூட்டியே 5,000 ரூபாய் கட்டச் சொல்லி, ஆர்டர் வர வரக் கழித்துக்கொள்வார்கள். அந்த 5,000 ரூபாயைக் கட்டிய அன்றே செலவு என்று எழுதக் கூடாது. அது அவரிடம் இருக்கும் உங்கள் பணம். ஒவ்வோர் ஆர்டருக்கும் கழியும்போதுதான் செலவாகிறது. மாதம் ஒருமுறை மீதி எவ்வளவு என்று அவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கி, உங்கள் கணக்குடன் ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். வாய்க்கணக்கில் விட்டால் ரிட்டர்ன் பணம் மறந்துபோகும். மறப்பது பெரும்பாலும் வர வேண்டிய பணமாகத்தான் இருக்கும்.

850 விற்பனையா, 150 கமிஷனா?

ரீசெல்லிங்கில் இரண்டு வகை உண்டு. இரண்டுக்கும் கணக்கு எழுதும் முறை வேறு.

முதல் வகையில், விலையை நீங்களே வைக்கிறீர்கள். பணத்தை நீங்களே வாங்குகிறீர்கள். சேலை கிழிந்திருந்தால் வாடிக்கையாளர் உங்களைத்தான் கேட்பார். அப்படியென்றால் விற்றவர் நீங்கள்தான். பார்சல் எங்கிருந்து போனாலும் 850 ரூபாய் முழுவதும் உங்கள் விற்பனை. 700 ரூபாய் உங்கள் செலவு.

இரண்டாவது வகையில், நிறுவனமே வாடிக்கையாளரின் பெயரில் பில் போட்டு, பணத்தையும் வாங்கி, ரிட்டர்னுக்கும் பொறுப்பேற்று, உங்களுக்குக் கமிஷன் மட்டும் அனுப்பும். இங்கே விற்றவர் அந்த நிறுவனம். உங்கள் வருமானம் கமிஷன் மட்டுமே.

கையில் நிற்பது ஒன்றுதானே, இதில் என்ன வித்தியாசம் என்று தோன்றலாம். வரிச் சட்டங்கள் பல இடங்களில் லாபத்தைப் பார்ப்பதில்லை, மொத்த விற்பனையைத்தான் பார்க்கின்றன. தமிழ்நாட்டில் பொருள்களை மட்டும் விற்பவர்களுக்கு, ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். லாபம் நான்கு லட்சம்தான் என்று சொல்லித் தப்ப முடியாது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்றால் பொதுவாக இந்த 40 லட்ச வரம்பே பொருந்தாது. பெங்களூரில் இருக்கும் வாடிக்கையாளருக்கு விற்பது மாநிலம் தாண்டிய விற்பனை. அதற்குத் தொகை எவ்வளவாக இருந்தாலும் பதிவு தேவை. 'ஆல் இந்தியா ஷிப்பிங்' என்று ஸ்டேட்டஸில் போடுவதற்கு முன்பே ஓர் ஆடிட்டரிடம் பேசிவிடுவது நல்லது. சூரத்தில் இருந்து வாடிக்கையாளருக்கு நேராகப் போகும் பார்சலுக்கு யார், யார் பெயரில் பில் போட வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.

பதிவு செய்தவர்களுக்கு அடக்க விலைக் கணக்கு சற்று மாறும். மொத்த வியாபாரிக்குக் கட்டிய 30 ரூபாய் வரி, முறையான பில் இருந்தால் உள்ளீட்டு வரி வரவாகத் திரும்பக் கிடைக்கும். எனவே அது செலவு அல்ல. அதேபோல வாடிக்கையாளரிடம் வாங்கிய 850 ரூபாய்க்குள் 5% வரி அடங்கியிருந்தால் 40 ரூபாய் 48 காசு அரசாங்கத்தின் பணம். அது வருமானமும் அல்ல. பதிவு செய்யாதவர்களுக்கு அந்த 30 ரூபாய் திரும்பாது. அது சேலையின் விலையோடு சேர்ந்தே போகும்.

ஆன்லைன் விற்பனைத் தளங்கள் வழியாக விற்பவர்களுக்கு, தளம் சில தொகைகளைப் பிடித்துக்கொண்டுதான் பணம் அனுப்பும். அதில் தளத்தின் கமிஷன் செலவு. ஆனால் வருமான வரிக்காகப் பிடிக்கும் டிடிஎஸ், ஜிஎஸ்டிக்காகப் பிடிக்கும் டிசிஎஸ் இரண்டும் செலவு அல்ல. உங்கள் பெயரில் முன்கூட்டியே கட்டிய வரி. டிசிஎஸ் விகிதம் 2024 ஜூலை 10 முதல் 0.5% ஆகவும், டிடிஎஸ் விகிதம் 2024 அக்டோபர் 1 முதல் 0.1% ஆகவும் குறைக்கப்பட்டன. தொகை சிறியதுதான். ஆனாலும் செலவில் எழுதிவிட்டால், திரும்பக் கேட்க வேண்டும் என்பதே மறந்துவிடும்.

வருமான வரியைப் பொறுத்தவரை, சிறு வியாபாரிகளுக்கு விற்பனையின் ஒரு பங்கை லாபமாகக் காட்டும் எளிய முறை உண்டு. வங்கி, யுபிஐ வழியாக வந்த விற்பனைக்குக் குறைந்தது 6%, ரொக்கத்துக்குக் குறைந்தது 8%. ஆனால் கமிஷன் வருமானத்துக்கு அந்த முறை கிடையாது. நீங்கள் விற்பவரா, கமிஷன் பெறுபவரா என்பது இங்கேயும் முக்கியம்.

ஒரு ஆர்டருக்கு ஒரு வரி

இதற்கெல்லாம் பெரிய சாஃப்ட்வேர் வேண்டாம். நீளமான நோட்டு ஒன்று போதும். போனிலேயே கூகுள் ஷீட்ஸ் இருந்தால் கூட்டல் கழித்தலை அதுவே பார்த்துக்கொள்ளும். ஒரு ஆர்டருக்கு ஒரு வரி. அந்த வரியில் இருக்க வேண்டியவை:

- ஆர்டர் தேதி, ஆர்டர் எண், வாடிக்கையாளர் பெயர்
- விற்ற விலை, பணம் வந்த தேதி
- மொத்த வியாபாரி பெயர், வரியுடன் சேர்ந்த விலை, அவருக்குப் பணம் கட்டிய தேதி
- கொரியர் கட்டணம், ட்ராக்கிங் எண், அனுப்பிய தேதி
- ரிட்டர்ன் ஆனதா? ஆனால் வாடிக்கையாளருக்குக் கொடுத்தது எவ்வளவு, மொத்த வியாபாரியிடம் வர வேண்டியது எவ்வளவு, வந்துவிட்டதா?
- இந்த ஆர்டரில் மிஞ்சியது

ரிட்டர்ன் ஆன ஆர்டரின் வரியை அழித்துவிடக் கூடாது. அழித்தால் அந்த 150 ரூபாய் நஷ்டமும் கூடவே காணாமல் போகும். எந்த மொத்த வியாபாரியின் சரக்கு அதிகம் திரும்புகிறது என்பதும் தெரியாமல் போகும். விலை 20 ரூபாய் குறைவு என்று ஒருவரிடம் வாங்கி, பத்தில் இரண்டு திரும்பினால், அவர்தான் உங்களுக்கு விலை உயர்ந்த வியாபாரி.

இன்னும் இரண்டு பழக்கங்கள். ஒன்று, தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு. மளிகைக் கடைக்கு ஜிபே செய்வதும் சேலைக்குப் பணம் வாங்குவதும் ஒரே கணக்கில் நடந்தால், மாதக் கடைசியில் எந்த ஆடிட்டராலும் பிரிக்க முடியாது. இரண்டு, ஒவ்வொரு கொள்முதலுக்கும் பில். வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் நினைவூட்டலுக்கு உதவும், பில்லுக்கு ஈடாகாது. பில் தர மறுக்கும் மொத்த வியாபாரி, நாளை ரிட்டர்ன் பணத்தை மறுத்தாலும் உங்கள் கையில் ஆதாரம் இருக்காது.

கணக்கு தெரிந்தால் என்ன மாறும்?

2,320 என்ற எண்ணைப் பார்த்ததும் தொழிலை விட்டுவிடத் தோன்றலாம். அவசரம் வேண்டாம். பணம் எங்கே போகிறது என்று தெரிந்த பிறகுதான் அதை நிறுத்த முடியும்.

இதே உதாரணத்தில், சேலை விலையை 850-லேயே வைத்துக்கொண்டு கொரியர் 70 ரூபாயை மட்டும் தனியாக வாங்கினால் என்ன ஆகும்? அதே 37 பேரும் வாங்கினால் 2,590 ரூபாய் கூடுகிறது. லாபம் 4,910 ஆகிவிடும். இரண்டு மடங்குக்கு மேல். நான்கைந்து பேர் 'ஃப்ரீ ஷிப்பிங் இல்லையா?' என்று கேட்டுவிட்டு வாங்காமல் போனாலும் பழைய லாபத்தைவிட அதிகம்தான். ஓப்பனிங் வீடியோ கட்டாயம் என்று ஆர்டர் எடுக்கும்போதே, சொந்தக்காரர்கள் உட்பட எல்லோரிடமும் சொல்லிவிட்டால், பீரோவில் சேலை சேராது. 1,500 ரூபாய் விளம்பரத்தால் எத்தனை புது வாடிக்கையாளர் வந்தார்கள் என்று ஆர்டர் வரியிலேயே குறித்துவைத்தால், அடுத்த மாதம் அந்தச் செலவு தேவையா என்பதும் தெரிந்துவிடும்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம்தான் தேவை. இரவு கடைசி ட்ராக்கிங் நம்பரை அனுப்பியதும் அன்றைய ஆர்டர்களை எழுதிவிடலாம். மாதத்தின் முதல் ஞாயிறு அன்று, போன மாதத்தைக் கூட்டி, முன்பணத்தைத் தனியாகப் பிரித்து வைத்துவிட்டு, மீதி இருப்பதில் இருந்து மட்டும் வீட்டுச் செலவுக்கு எடுக்கலாம். அப்படி எடுக்கும் தொகை முதல் மாதம் 600 ரூபாயாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்த 600 ரூபாயை யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள்.